இன்றைக்கு இடுப்பில் எது

போடிநாயக்கனூர்,
12-7-1934.

மச்சான் அவர்களுக்குச் செல்லப்பாண்டி எழுதுவது.

நானும் உங்கள் தங்கை பஞ்சம்மாளும் இங்கே சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டு மாப்பிள்ளையைப் பந்தியில் சந்தி சிரிக்க வைத்தவருக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்?

புதுவீட்டுச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லி நீங்கள்தான் எழுதினீர்கள். வந்தோம். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மறுசோற்றுக்குக் குனிந்தபோது இடுப்பில் இருந்த சின்னத் துப்பாக்கி நழுவிப் பக்கத்து இலையில் விழுந்தது. தவறுதான், இல்லை என்று சொல்லவில்லை. சாம்பார் வாளியும் கையுமாக நின்ற நீங்கள் தோளில் கிடந்த துண்டைப் போட்டு மூடி, அதை எடுத்து என் கையில் கொடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டு ஊரே கேட்க, "என்ன மாப்ள, நேத்து வரைக்கும் இடுப்புல பெருசுல்ல இருந்துச்சு? பொம்பளைக வளையல் மாத்துற மாதிரில்ல மாத்துறீக!" என்றீர்கள். சமையல்காரர் வரைக்கும் சிரித்தார். அதற்கு மேல் அந்த இலையில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பஞ்சம்மாள் உங்கள் கட்சி. "எங்க அண்ணன் இல்லாததையா சொல்லிட்டாக?" என்று காலையும் மாலையும் கேட்கிறாள்.

உங்களுக்குப் புரியும்படி ஒருமுறை எழுதிவிடுகிறேன். நான் ஏலக்காய் வியாபாரி. வியாழக்கிழமை தோறும் போடிமெட்டு ஏறி, எல்லைக் கொட்டகையில் தோட்டக்காரர்களுக்குக் கையில் பணம் கொடுத்துக் காய் எடுக்கிறவன். அன்றைக்குக் கோட்டுப் போடுகிறேன். கோட்டுக்குள் பெரிய ரிவால்வர் இருந்தால் வெளியே தெரியாது. மற்ற நாளெல்லாம் கடையில் வேட்டி சட்டையோடு உட்காருகிறேன். அப்போது பெரியதைச் செருகினால் இடுப்பில் உரலைக் கட்டியது போலத் துருத்திக்கொண்டு நிற்கும். வியாபாரத்துக்கு வருகிறவன் என் முகத்தைப் பார்ப்பானா, அதைப் பார்ப்பானா? அதற்காகத்தான் சின்னப் பிஸ்டல். இரண்டுக்கும் மதுரைக் கலெக்டர் கச்சேரி லைசன்ஸ் இருக்கிறது. உடுப்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறேன். இதில் வளையல் எங்கே வந்தது?

பட்டாளத்தில் ஜமேதாராக இருந்தபோது சர்க்கார் உங்களுக்கு ஒன்றுதான் கொடுத்தது. இரண்டு கொடுத்திருந்தால் நீங்களும் மாற்றி மாற்றித்தான் வைத்திருப்பீர்கள்.

பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

செல்லப்பாண்டி.


காமயகவுண்டன்பட்டி,
18-7-1934.

மாப்பிள்ளைக்குக் கருத்தக்கண்ணன் எழுதிக்கொண்டது.

இலையை விட்டு உங்களை எழுப்பியது நான் அல்ல, உங்கள் இடுப்பு. இருந்தாலும் நாலு பேர் முன்னால் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என் வீட்டுக்காரி அன்று ராத்திரி எனக்குச் சோறு போடவில்லை. கணக்குச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சொன்ன விஷயத்தில் நான் மாறமாட்டேன். உங்கள் பெரியது வலது பக்கம் இருக்கும், கோட்டுக்குள். சின்னது இடது பக்கம், வேட்டி மடிப்பில். பெரியதற்குப் பூட்டுக் கிடையாது, எடுத்து விசையை இழுத்தால் வெடிக்கும். சின்னதற்குக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு உண்டு. அதைத் தள்ளிவிட்டுத்தான் இழுக்க வேண்டும், மறந்தால் அது கல். மெட்டுப் பாதையில் அரிவாளோடு வருகிறவன் உங்கள் முன்னால் நின்று, "ஐயா, இன்னைக்கு எதைக் கொண்டாந்தீக, எந்தப் பக்கம் வச்சீக, நிதானமா யோசிச்சுக்கங்க" என்று கேட்பானா?

தோட்டாவும் வேறு வேறு அளவு. இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தீர்கள், என் கண்ணாலேயே பார்த்தேன்.

துருக்கிச் சண்டையின்போது பாஸ்ராவில் நான் இடுப்பில் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. அதை எடுக்க நான் யோசித்ததே இல்லை. யோசிப்பதற்குள் கையில் இருக்கும். ஊருக்கு வந்து இவ்வளவு காலம் ஆகியும், கனவில் ஏதாவது சத்தம் கேட்டால் கை அந்த இடத்துக்குத்தான் போகிறது. பக்கத்தில் படுத்திருப்பவள் அடி வாங்கிக்கொண்டு எழுந்து திட்டுவாள். கை பழகுவது என்றால் அப்படிப் பழக வேண்டும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டிலும் தோட்டாவைக் கழற்றிவிடுங்கள். எப்போது என்று சொல்லாமல் பின்னால் வந்து ஒரு பாத்திரத்தைப் போடும்படி பஞ்சுவிடம் சொல்லிவையுங்கள். உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று அவள் பார்க்கட்டும். அதற்குப் பிறகு எனக்கு எழுதுங்கள்.

கருத்தக்கண்ணன்.


போடிநாயக்கனூர்,
2-8-1934.

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையிடம் சொல்லிவைத்தது என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டிய காரியம். அவள் இரண்டு நாள் சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் அண்டா மூடியைப் போட்டாள். இடுப்பில் இருந்தது சின்னது, இடது பக்கம். என் கை வலது பக்கம் போய்ச் சட்டையைத் தடவியது. சரி, இடது பக்கம் போகலாம் என்றால் கை எச்சில் கை. எச்சில் கையோடு எதைத் தொடுவது என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். பஞ்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கள்ளன் வந்தா கைகழுவச் செம்புல தண்ணி கொண்டாரச் சொல்லுங்க" என்கிறாள்.

ஆனால் இது சாப்பாட்டு நேரத்துச் சோதனை, செல்லாது. இதை வைத்துக்கொண்டு நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

சிரிப்பு இருக்கட்டும். பலவேசம் அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும், எனக்கு அடுத்த கடை. போன வாரம் மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே இரண்டாவது வளைவில் அவரை மறித்துவிட்டார்கள். தலையில் சாக்குக் கொங்காணி போட்ட இரண்டு பேர் மழையோடு மழையாகப் பின்னால் வந்தார்களாம். காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். திரும்புவதற்குள் அரிவாளைத் திருப்பிப் பிடித்து மண்டையில் ஒரே போடு. தலைக்கட்டோடு கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு வருகிறவனிடமெல்லாம் அதையே சொல்கிறார். அவர் நிறுத்தினாலும் என் காதில் அந்தக் காலடி நிற்பதில்லை. துப்பாக்கி இருந்திருந்தால் பணம் தப்பியிருக்கும் என்கிறார்கள் சிலர். இருந்திருந்தால் ஆளே தப்பியிருக்க மாட்டார் என்கிறார்கள் சிலர்.

அதற்குப் பிறகு எனக்குக் காலையில் உடுப்பு மாட்டுவதே பெரிய பாடாக இருக்கிறது. அலமாரியைத் திறந்து இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பெரியதை எடுத்தால் சின்னது கைக்கு லேசு என்று தோன்றுகிறது. சின்னதைச் செருகிக்கொண்டு வாசல் வரை போனால், இதில் அடிபட்டவன் விழுவானா, கோபப்படுவானா என்று தோன்றுகிறது. திரும்பி வந்து மாற்றுகிறேன். நேற்று நான்கு தடவை மாற்றினேன். "சேலை எடுக்க நான்கூட இம்புட்டு நேரம் நிக்க மாட்டேன். இன்னைக்கு மூத்தாளா இளையாளா, சொல்லிட்டுப் போங்க" என்று கேட்கிறாள் பஞ்சம்மாள். எனக்கு இரண்டு பெண்டாட்டி என்று தெருவெல்லாம் பேச்சு.

இரண்டு இருந்தால் பயம் பாதியாகும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அது இரண்டு மடங்காகி நிற்கிறது. இதை உங்களிடம் எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

செல்லப்பாண்டி.


காமயகவுண்டன்பட்டி,
9-8-1934.

மாப்பிள்ளைக்கு,

கூச்சத்தை ஆற்றில் போடுங்கள். என் தங்கையை உங்களுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பலவேசம் மண்டையில் விழுந்தது உங்கள் மண்டையில் விழுந்தால் அவள் என் வீட்டு வாசலில் வந்துதான் நிற்பாள். அதனால் இது என் வீட்டு விஷயம், உங்கள் சௌகரியம் அல்ல.

எங்கள் பட்டாளக் கம்பெனியில் தவசி என்று ஒருவன் இருந்தான், கடமலைக்குண்டுப் பக்கத்து ஆள். செத்த துருக்கிக்காரனிடமிருந்து அழகான துப்பாக்கி ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டான். ஒரு நாள் அது, ஒரு நாள் இது. கடைசியில் ஒரு நாள் எதிரியை இரண்டடி தூரத்தில் வைத்துக்கொண்டு, கையில் இருப்பது எது என்று குனிந்து பார்த்தான். குனிந்த தலை நிமிரவில்லை.

பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். சின்னதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போடுங்கள். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, தோட்டா இல்லாமல் அந்த ஒன்றையே எடுத்து எடுத்துப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொட்டகுடி ஆற்று மணலுக்குப் போய் உண்மையாகவே சுடுங்கள். வெயிலில் கோட்டு வேகிறது என்றால் வேகட்டும். துருத்துகிறது என்றால் துருத்தட்டும். இதைச் செய்கிறவரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

கருத்தக்கண்ணன்.


போடிநாயக்கனூர்,
11-9-1934.

மச்சான் அவர்களுக்கு,

செய்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

சின்னது ஒரு மாதமாகப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. பெரியது குளிக்கிற நேரம் தவிர என் இடுப்பிலேயே இருக்கிறது. கடையில் உட்காரும்போதும் கோட்டுப் போடுகிறேன். போடி வெயிலில் கோட்டுப் போட்ட ஏலக்காய்க் கடைக்காரனைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். குளிர் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வலது இடுப்பில் தோல் உரிந்து புண்ணாகி, பஞ்சம்மாள் தேங்காய் எண்ணெய் தடவி, அதுவும் காய்ந்து இப்போது தழும்பாகிவிட்டது.

ஆற்று மணலில் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் சுட்டதில் ஒன்றுகூடப் பானையில் படவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பானை போயிற்று. காலையில் அலமாரி முன்னால் நிற்பது நின்றுவிட்டது. அந்த வகையில் நீங்கள் சொன்னது சரிதான். எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முந்தாநாள் மத்தியானம் கடையில் கண் அசந்திருந்தேன். தபால்காரர் கதவைத் தள்ளினார். நான் விழித்து அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரிவால்வர் என் கையில் இருந்தது. எடுத்தது எனக்கே தெரியாது. அவர் தபாலைக் கீழே போட்டுவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டார். சமாதானம் சொல்லி மோர் வாங்கிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் தபாலை வாசலிலேயே வைத்துவிட்டு, "செட்டியார் கடைக்காரரே, காயிதம்!" என்று தூரத்திலிருந்து கத்துகிறார். நான் செட்டியார் இல்லை என்பதுகூடப் பயத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

இது இப்படித்தான் இருக்குமா மச்சான்? வியாழக்கிழமை மெட்டு ஏறும்போது ஓணான் ஓடினாலும் கை போகிறது. முன்பு பயம் நெஞ்சில் இருந்தது. இப்போது கையில் இருக்கிறது.

செல்லப்பாண்டி.


காமயகவுண்டன்பட்டி,
25-9-1934.

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "இவுக இப்பத்தான் சிரிக்கிறாக" என்றாள். தபால்காரர் பாவம்தான், ஆனாலும் நீங்கள் தேறிவிட்டீர்கள் என்பதற்கு அவர்தான் சாட்சி. கை யோசிக்கக் கூடாது. யோசிக்கிற கை செத்த கை. கொஞ்ச நாளில் ஓணானுக்குப் போவது நின்றுவிடும், ஆளுக்கு மட்டும் போகும். எல்லாருக்கும் அப்படித்தான்.

சரஸ்வதி பூஜைக்கு வரச்சொல்லிப் பஞ்சு கேட்டிருக்கிறாள். நெல் வயலில் வேலை நெருக்குகிறது, வருவேன் என்று சொல்ல முடியாது. பார்க்கலாம்.

கருத்தக்கண்ணன்.


போடிநாயக்கனூர்,
20-10-1934.

மச்சான் அவர்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன்.

விஜயதசமி அன்று நடந்ததற்கு முழுப் பழியையும் என் மேல் போட்டுவிட்டு நீங்கள் போனது நியாயமா? கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் மலை இறங்கிப் போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பூஜைப் பலகை ஓரத்தில் ஒரு தோல் உறையை வைத்துவிட்டு, பஸ் ஏறிவிட்டீர்கள் என்று பஞ்சம்மாள் சொன்னாள். "எங்க அண்ணன் மூஞ்சியே சரியில்ல. அங்கன என்ன நடந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வழியில் பார்த்தோம், பேசினோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று நான் மலை ஏறியிருக்கவே கூடாது. மறுபூஜை முடியாமல் எந்த வியாபாரி கடை திறப்பான்? ஆனால் மெட்டுக் கொட்டகையில் காய் மூட்டை கட்டியாயிற்று, விருதுநகர் வியாபாரி ஒருவர் வந்துகொண்டிருக்கிறார், விடிந்ததும் வராவிட்டால் அவருக்குப் போய்விடும் என்று ஆள் வந்து சொன்னான். தராசு, படிக்கல், பெரிய ரிவால்வர் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகப் பூஜையில் இருந்தன. நான் ரிவால்வரில் கை வைக்கப் போனேன். பஞ்சம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "பூஜையில வச்சத மறுபூஜைக்கு முந்தி எடுத்தா குடும்பத்துக்கு ஆகாது. இன்னைக்கு ஒரு நாளைக்கு இளையாளக் கூட்டிட்டுப் போங்க" என்று பெட்டியிலிருந்து சின்னதை எடுத்துக் கொடுத்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பொதிக் குதிரைக்காரர் முன்னால் போய்விட்டார். முந்தலுக்கு மேலே பலவேசம் அண்ணாச்சி சொன்ன அதே வளைவு. பின்னால் வேகமாகக் காலடி கேட்டது. குரல் இல்லை. திரும்பிப் பார்த்தால் சாக்குக் கொங்காணி, முகம் தெரியவில்லை, கையில் கறுப்பாக என்னவோ. நான் எடுத்தேன், உண்மைதான். கொங்காணி சரிந்து உங்கள் முகம் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன். நல்லவேளை.

நீங்கள் ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை? "மாப்ள" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் இந்தச் சங்கடம் எதுவும் வந்திருக்காதே. வருகிறேன் என்று முன்னால் எழுதவும் இல்லை. இதற்கு நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செல்லப்பாண்டி.


காமயகவுண்டன்பட்டி,
27-10-1934.

மாப்பிள்ளை,

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, "இப்பத்தாண்ணே பொறப்பட்டுப் போறாக, எட்டி நடந்தா பிடிச்சிரலாம்" என்றாள் பஞ்சு. முந்தலில் உங்கள் முதுகு தெரிந்தது. கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். காரியமாகப் புறப்பட்டுப் போகிற மனிதனைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா? அதுவும் விஜயதசமி அன்றைக்கு, பணத்தோடு போகிற தங்கை புருஷனை? வாயை மூடிக்கொண்டேன். வேகமாக நடந்து உங்களைத் தாண்டிப் போய் முன்னால் நின்று சிரிக்கலாம் என்று நினைத்தேன். பாஸ்ராவில் நம் ஆள் பின்னாலேயே குரல் கொடுக்காமல் போனால் சுட்டுவிடுவார்கள் என்று தெரிந்தவன்தான் நான். ஆனால் அன்றைக்கு நான் ஜமேதாராக வரவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரனாக வந்தேன்.

கையில் இருந்தது அந்தத் தோல் உறை. பெரியதை அளந்து நூல் அனுப்பும்படி பஞ்சுவுக்கு எழுதியிருந்தேன். கம்பத்தில் கொடுத்துத் தைத்தது, உங்கள் இடுப்புப் புண்ணுக்காக. மழையில் நனையாமல் சாக்குக்குள் பிடித்திருந்தேன்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். என் முகம் தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கி பிடித்தவன் முன்னால் நிற்கிற பழைய பட்டாளத்தான் அவன் முகத்தைப் பார்க்கமாட்டான், விரலைப் பார்ப்பான். நீங்கள் இழுத்தீர்கள். விரல் வெளுக்கிற அளவுக்கு இழுத்தீர்கள். அசையவில்லை என்றதும் இன்னொரு தடவை இழுத்தீர்கள். அதற்குப் பிறகுதான் கொங்காணி சரிந்தது. இடது பக்கம் இருந்ததை எடுக்கத் தெரிந்த கைக்கு, பூட்டைத் தள்ளத் தெரியவில்லை. இரண்டு மாதமாகப் பூட்டே இல்லாத துப்பாக்கியோடு அதைப் பழக்கியவன் நான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மாப்பிள்ளை. வரப்பில் உட்கார்ந்து இதையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பூஜை இல்லாதிருந்தால் உங்கள் கையில் பெரியது இருந்திருக்கும், நான் போயிருப்பேன். என் பேச்சைக் கேட்காமல் பழையபடி இரண்டையும் மாற்றி மாற்றி வைத்திருந்தால் பூட்டின் நினைவு இருந்திருக்கும், அப்போதும் போயிருப்பேன். என் பேச்சை இரண்டு மாதம் கேட்டு ஒரு நாள் மீறினீர்கள் பாருங்கள், அந்த ஒரு சந்தில்தான் நான் உயிரோடு நிற்கிறேன். இதை அறிவு என்று சொல்வதா? நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் அறிவு என்றுதான் நினைத்தேன்.

கை யோசிக்கக் கூடாது என்று எழுதினேன். அது யோசிக்கவில்லை.

நான் திரும்பிப் பார்க்காமல் போனது உங்கள் மேல் கோபத்தினால் அல்ல. என் முகத்தில் இருந்த பயத்தை நீங்கள் பார்க்க வேண்டாம் என்று போனேன். வீட்டில் பஞ்சு தண்ணீர் கொடுத்தபோது அவள் கையைப் பார்த்தேன். அன்று அந்த விசை அசைந்திருந்தால் அவள் எதற்கு அழுவாள்? அண்ணன் பிணத்துக்கா, தூக்குமேடைக்குப் போகும் புருஷனுக்கா?

ஒன்றா இரண்டா என்று இனிமேல் என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியவில்லை.

கருத்தக்கண்ணன்.


போடிநாயக்கனூர்,
12-11-1934.

மச்சான் அவர்களுக்கு,

இழுத்தேன். இரண்டு தடவை. போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, யாரோ அடிபட்ட பிள்ளையின் கையைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "எங்க அண்ணன் சாப்பிட்டாகளான்னு எழுதிக் கேளுங்க" என்றாள். நானும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா?

தீபாவளிக்கு முன்பே இரண்டையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். காரணம் என்ன என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி. பயமாக இருக்கிறது என்றேன். "பயம்னா வச்சுக்கிறணும், நீரு கொண்டாந்து குடுக்குறீரு?" என்று சிரித்தார். அவருக்கு எப்படி விளக்குவது? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கடந்த வியாழக்கிழமை வெறும் இடுப்போடு மெட்டு ஏறினேன். நிம்மதியாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் இல்லை. கோட்டுக்குள் காற்று புகுந்து புகுந்து வந்தது. பத்தடிக்கு ஒரு தடவை கை வலது பக்கம் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. அந்த வளைவு வந்தது. மழையும் வந்தது. நீங்கள் நம்ப வேண்டும் மச்சான், பின்னால் காலடியும் கேட்டது. கொங்காணி போட்ட ஒரு ஆள், கையில் நீளமாக ஒரு கழி.

ஓட முடியாது. எடுக்க ஒன்றும் கிடையாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்து எடுத்து, "யாருப்பா அது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"நான் சுருளியாண்டி, அல்லிநகரம். மேல எங்க மொதலாளி தோட்டத்துக்குப் போறேன். நீங்க பயந்துட்டீகளா? இந்த எடத்துல எனக்கும் பயந்தான் சாமி, அதான் உங்கள எட்டிப் பிடிக்கலாம்னு வெரசா வந்தேன்" என்றான் அவன். மெட்டு வரைக்கும் கூடவே வந்தான். மாமியார் தன்னை மதிப்பதில்லை என்று வழி நெடுகப் புலம்பினான். இறங்கும்போது எதிரில் வந்தவர்கள், பின்னால் வந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டேன். ஒவ்வொருவனும் பெயர் சொன்னான், ஊர் சொன்னான். ஒருவன் மட்டும் பதில் சொல்லாமல் புதருக்குள் இறங்கிப் போனான். அவன் யார் என்று தெரியாது. அடுத்த வியாழக்கிழமை என்ன நடக்கும் என்றும் தெரியாது. பயம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் அன்றிலிருந்து ஒரே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் குரல் கொடுக்கவில்லை என்று உங்கள் மேல் குற்றம் சொன்னேன். சரி, நீங்கள் கூப்பிடாததற்கு ஒரு வழக்கம் காரணம். நான் ஏன் கேட்கவில்லை? யோசிக்க நேரம் இருக்காது, கேட்க நேரம் இருக்காது என்று நீங்களும் எழுதினீர்கள், நானும் நம்பினேன். இரண்டு தடவை இழுக்க எனக்கு நேரம் இருந்தது மச்சான். ஒரு தடவை "யாரது" என்று கேட்கவா இல்லாமல் போயிற்று?

செல்லப்பாண்டி.